சத்தியம் வாங்கிப் பூட்டிய கருவாட்டுப் பாடம்

சுனாமி வந்து போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடலோரம் இருக்கிற எங்கள் குப்பத்தில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். "ஆயா, நீ பேசறத அப்டியே எய்தினா புக்குல போட மாட்டாங்க" என்று என் பேச்சைச் சலித்துச் சலித்து நல்ல தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதட்டும். கோபத்தை மட்டும் சலித்துவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் கருவாடு போடுகிறவள். கல்யாணமாகி வந்த மறுவாரமே மாமியார் உப்புப் பானையைக் கையில் கொடுத்துவிட்டார். அப்போதெல்லாம் எங்கள் வாசலில் மணல் கிடக்கும். இப்போது மணலைக் கடல் தின்றுவிட்டது, மிச்ச இடத்தில் பாறாங்கல்லைக் கொட்டிவிட்டார்கள். அதனால் பழைய வலையை ரோட்டோரம் விரித்து அதில்தான் மீனைக் காயப்போடுவோம். கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் போகிறபோது ஒரு முறம் புழுதியை மேலே வீசிவிட்டுப் போகும். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடித்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வேறு. வாங்குகிறவர்கள் கழுவித்தானே குழம்பு வைக்கப்போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்வோம்.

புழுதியைக் கழுவலாம். சிவப்பைக் கழுவ முடியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மழைக்காலத்தில் காயப்போட வெயில் இருக்காது. அப்போதுதான் கருவாட்டுக்கு நல்ல கிராக்கி. அதற்காக வெயில் இருக்கும்போதே வாளை, சுறா எல்லாம் உப்புப் போட்டுக் காயவைத்துக் கூடையில் சேர்த்து வைப்போம். திடீரென்று ஒரு நாள் திறந்து பார்த்தால், குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றின மாதிரி கருவாடு முழுக்கச் சிவந்து கிடக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். மொத்தமும் குப்பைக்குத்தான்.

ஏன் சிவக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். தீட்டுக்காரி தொட்டுவிட்டாள். அந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு அது மூன்றாவது நாளோ, அவள் தலையில்தான் விடியும். என் மாமியாரிடம் நானே இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறேன். ஒரு முறை எனக்குத் தீட்டே இல்லை, ஏழு மாதம் வயிற்றில் பிள்ளை. அப்போதும் அடி விழுந்தது. பிள்ளை பெண்ணாக இருக்கும், அதனால்தான் என்று சொல்லிவிட்டார். பிறந்தது ஆண்பிள்ளை. அந்த அடிக்கு யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது? சரி, அது போகட்டும்.

சுனாமிக்கு அப்புறம் எங்கள் குப்பத்துக்கு யார் யாரோ வந்தார்கள். படகு கொடுக்க, படம் பிடிக்க, பாடம் நடத்த. எங்கள் மகளிர் குழுவில் நாங்கள் பத்துப் பேர். ஓர் ஆவணி மாதம் எங்களைத் தேடி ஒரு ஆள் வந்தார். தன்னை டிரெயினிங் சார் என்று சொல்லிக்கொண்டார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, வெல்லப்பாகு மாதிரிப் பேச்சு. கெடாத கருவாடு போடச் சொல்லித் தருகிறேன், ஃபீஸ் இவ்வளவு என்றார். குழுப் பணத்தில் கொடுத்தோம்.

பாடம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். தரையில் காயப்போடாதே, இடுப்பு உயரத்துக்குப் பரண் கட்டு, மேலே வலை போட்டு மூடு என்றார். கடைசியில்தான் சிவப்புக்கு வந்தார். அது தீட்டும் இல்லை, திருஷ்டியும் இல்லை, உப்பிலேயே இருக்கிற ஒரு கிருமி. உப்பளத்திலிருந்து அப்படியே அள்ளி வருகிற கல் உப்பில் அது இருக்கும். சுத்தமான உப்பைப் போட்டு, காய்ந்த மீனின் மேல் இந்தப் பொடியை உப்புத்தூளில் கலந்து தூவி வைத்தால் கருவாடு சிவக்காது, பூஞ்சையும் பிடிக்காது என்று ஒரு வெள்ளைப் பொடியைக் காட்டினார். வெளிநாட்டு மருந்து என்றார். அவரிடம் மட்டும்தான் கிடைக்குமாம்.

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம்! அடி பாவி மாமியாரே, உன் உப்புப் பானையில் இருந்த கிருமிக்கு என் முதுகா கிடைத்தது என்று பாடம் நடந்த கூடத்திலேயே கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆளுக்கொரு புத்தகமும் கொடுத்தார். ஜெராக்ஸ் எடுத்துத் தைத்தது. மற்றவர்கள் அதில் எழுத்தைப் பார்த்தார்கள். நான் படத்தைப் பார்த்தேன். ஒரு பெண் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பரணில் மீனைப் பரப்புவாள். பரணுக்கு நான்கு கால், அதில் ஒன்று சற்று வளைந்திருக்கும். கீழே ஒரு பூனை உட்கார்ந்து மேலே அண்ணாந்து பார்க்கும். அந்தப் பூனையின் முகத்தில் இருக்கிற ஏக்கத்தை அப்படியே வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் வெட்டுப்பட்ட மாதிரி ஒரு வளைந்த கோடு இருந்தது. நான் அதைப் பிறை என்று நினைத்துக்கொண்டேன். சாமி சமாச்சாரம் போலிருக்கிறது என்று அதற்குக் குங்குமம் வைத்து, ஆத்தா படத்துக்குப் பக்கத்தில் புத்தகத்தை நிற்கவைத்தேன். தினம் விளக்கேற்றும்போது பூனையையும் ஒரு பார்வை பார்ப்பேன்.

பாடம் முடிந்ததும் சார் எங்கள் பத்துப் பேரையும் அம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டுப் போனார். "இது தொழில் ரகசியம்மா. வெளியில போச்சுன்னா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லி, தட்டில் கற்பூரம் ஏற்றினார். குழுவுக்கு வெளியே யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று ஒவ்வொருத்தியும் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். மீறிச் சொன்னால் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அவரே எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு மாற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. கற்பூரம் அணைத்துவிட்டு மாற்றிப் பேசுகிறவர்கள் கிடையாது. அது அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது.

நானும் அணைத்தேன். உள்ளங்கையில் சூடு பட்டது. என் பேத்தி அந்த வருஷம்தான் பிளஸ் டூ.

இனி என் எதிர் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் கருவாடுதான். என்னைவிட வயதில் சின்னவள். முப்பது வருஷமாக ஒரே நேரத்தில் எழுந்து, ஏலத்தில் ஒன்றாக நின்று, ஒரே வண்டியில் மீன் ஏற்றி வந்தவர்கள் நாங்கள். என் புருஷன் செத்தபோது பதினாறு நாளும் அவள் வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. குழாயடியில் குழுத் தலைவியோடு குடத்தால் அடித்துக்கொண்டதால் அவள் எங்கள் குழுவில் சேரவில்லை. தப்பு யார் மேல் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. ஒரு சாயங்காலம் அவள் என் வாசலில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு வாளைக் கருவாடு. ரத்தச் சிவப்பு.

"யக்கா, அல்லாம் செவந்து பூட்ச்சுக்கா. ஒரு கூடயும் தேறல. உன்னுது மட்டும் எப்டிக்கா வெள்ளையா கீது?"

நான் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டேன். சூட்டுத் தழும்பு லேசாக இருந்தது. பேத்தி உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமோ மே. ஆத்தா புண்ணியம்" என்றேன்.

"அப்போ அந்தப் பொண்ணுதான். எம் மருமவ. மூணாம் நாளு உப்புப் பானையத் தொட்டுட்டு, தொடவே இல்லன்னு சாதிக்கிறா. வூட்டுக்கு வந்து ஆறு மாசம் ஆவல, என் பொயப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டா."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அது உப்புடி, பொண்ணு இல்லடி. நாலே வார்த்தை. நான் திறக்கவில்லை. அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, "அய்வாத" என்றேன். அதுதான் என்னால் முடிந்தது. நினைத்தால் இன்றைக்கும் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்தது தெருவுக்கே கேட்டது. மருமகள் "சத்தியமா நான் தொடல அத்தே" என்று கத்தினாள். இரண்டு நாளில் ஒரு துணிப்பையோடு வியாசர்பாடியில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் பார்த்துவிட்டு மகனும் அவள் பின்னால் போய்விட்டான். எதிர் வீட்டுக்காரி கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கப் போனாள். சொந்தத் தொழில் செய்தவள், அடுத்தவனிடம் கூலிக்கு. ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் எல்லாம் வெடித்துப் போயிற்று. நானோ பரண் கட்டி, வலை போட்டு, வெள்ளைக் கருவாடு விற்றுக்கொண்டிருந்தேன்.

அடுத்த மே மாதம். கடலுக்குப் போகக்கூடாது என்று தடை போடுகிற காலம், மீன் வராது, எல்லோரும் சும்மா இருப்போம். பேத்தியின் ரிசல்ட் அன்றைக்கு. அப்போதெல்லாம் பிரவுசிங் சென்டருக்குப் போய்த்தான் ரிசல்ட் பார்க்க வேண்டும். தேரடிப் பக்கம் பாய் ஒருத்தர் அந்த சென்டரை வைத்திருந்தார். போனால், திருவிழாக் கூட்டம். பெட்டியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் முகமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. எனக்கோ ரிசல்ட்டைவிடக் கற்பூரம்தான் ஞாபகம். நான்தான் யாருக்கும் சொல்லவில்லையே, ஆத்தா, அப்புறமென்ன என்று மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

பேத்தி பாஸ். நல்ல மார்க். நான் போட்ட குலவையில் பாய் காதைப் பொத்திக்கொண்டார்.

மார்க்கைப் பிரிண்ட் எடுத்த பிறகு கூட்டம் கொஞ்சம் குறைந்தது. பாய் எனக்கு டீ சொன்னார். சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"இந்தப் பொட்டியில ஒலகமே கீதுன்றாங்களே நைனா, கருவாடு கீதா?" என்றேன் கிண்டலாக.

"கேட்டுப் பாத்துடுவோம் ஆயா. இல்லாங்காட்டி நீதான் ஒரு கூட கருவாடு குடுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே பாய் தட்டினார்.

அந்தக் காலத்து நெட். படம் மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, சுருட்டி வைத்த கோரைப்பாயைப் பிரிக்கிற மாதிரி இறங்கும். முதலில் ஒரு வட்ட முத்திரை வந்தது. அப்புறம் ஒரு தலை. முந்தானை போட்ட தலை. கை வந்தது. பரண் வந்தது. கால் வந்தது, ஒன்று வளைந்த கால். எழுந்து நின்றுவிட்டேன். கீழே பூனை. அண்ணாந்து பார்க்கிற என் பூனை!

"இன்னா ஆயா, கொட்டாவி உட்ட வாய் மூடல?"

"என் பூன பாய் இது! என் வூட்டுப் பூன! எப்டி இதுக்குள்ள வந்துச்சு?"

பேத்திக்கு விளங்கிவிட்டது. அவள் முகம் மாறிற்று. மேலே இருந்த வட்ட முத்திரையை விரலால் காட்டினாள். எங்கள் புத்தகத்தில் அந்த வட்டத்தை வெட்டிவிட்டுத்தான் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறான். வெட்டினபோது அடியில் கொஞ்சம் நின்றுவிட்டது. நான் குங்குமம் வைத்த பிறை அதுதான்.

"யார் எடம் நைனா இது?" என்று கேட்டேன்.

"பல்கலைக்கழகம் ஆயா. பெரிய காலேஜு. தொழில் பண்ற சனம் பாத்துக் கத்துக்கட்டும்னு அவங்களே போட்டு வெச்சிகீறாங்க."

"எம்மாங் காசு?"

"காசா? யார் வேணா, எப்ப வேணா பாத்துக்கலாம். ஒரு பைசா கெடயாது."

பேத்தி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பரண், வலை, சுத்தமான உப்பு, சிவப்பு எதனால் வருகிறது, எல்லாம் நல்ல தமிழில் இருந்தது. பொடியின் பெயர் வந்ததும் பாய் அவளை நிறுத்தினார்.

"இரு இரு. இத்த எனக்குத் தெரியுமே. வண்ணாரப்பேட்டயில எம் மச்சான் ரொட்டிக்கட வெச்சிகீறாரு. ரொட்டி பூஞ்ச புடிக்காம இருக்க இத்ததான் மாவுல போடுவாரு. யானைக்கவுனி கடையில மூட்ட மூட்டயா விக்கிறான்!"

வெளிநாட்டு மருந்து! நாங்கள் பன்னைக் கடித்துத் தின்றபோதெல்லாம் அந்த மருந்தையும் சேர்த்துத்தான் தின்றிருக்கிறோம்.

பாய் இன்னும் தட்டிக்கொண்டே போனார். ஊறுகாய் போடுவது, பாக்கெட் ஒட்டுவது, லேபிளில் என்ன எழுதுவது, கடன் கேட்டு பேங்குக்கு எப்படி எழுதுவது என்று எல்லாம் அந்தக் காலேஜ் நெட்டில் போட்ட பக்கங்களில் கிடக்கிறது. கடல் தாண்டி இருக்கிற பெரிய காலேஜில்கூட, புதிதாக வியாபாரம் தொடங்குகிறவர்களுக்கு வாத்தியார் நடத்தின பாடத்தை அப்படியே போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பேத்தி இங்கிலீஷில் படித்து எனக்குச் சொன்னாள். வாசலில் வாட்ச்மேன் கிடையாது, கற்பூரம் கிடையாது.

அவள் படிக்கப் படிக்க எனக்கு உடம்பு கொதித்தது. அந்த ஆள் காசு வாங்கினதற்கு நான் கோபப்படவில்லை. பஸ் ஏறி வந்தான், வெயிலில் நின்று சொல்லிக் கொடுத்தான், அதற்குக் கூலி வாங்கட்டும். வாயைப் பூட்டினான் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஊருக்கு என்று போட்டு வைத்ததை எடுத்து, எழுதினவர்கள் பெயரை வெட்டிவிட்டு, எங்கள் ஆத்தா முன்னால் நிற்கவைத்து எங்கள் பிள்ளைகள் தலையில் சத்தியம் வாங்கியிருக்கிறான். ஒரு பெண் வீட்டை விட்டுப் போயிருக்கிறாள். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பாயிடம் நான்கு பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். காசு வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த வாரமே டிரெயினிங் சார் மறுபடி வந்தார். தடைக்காலத்தில் பெண்கள் சும்மா இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு குழு, பத்துப் பதினைந்து பேர். அவர்களையும் எங்கள் அம்மன் கோயிலுக்கே கூட்டி வந்திருந்தார், வாசலில் தட்டு, கற்பூரம் எல்லாம் தயார். நான் பிரிண்டை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நேராக முன்னால் நின்றேன். ஒரு கையில் அவர் புத்தகம், ஒரு கையில் பிரிண்ட். இரண்டையும் விரித்துப் பிடித்தேன்.

"சாரு, இந்தப் பூனைக்கு எத்தினி வூடு?"

பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு முகம் சுருங்கிற்று. இருந்தாலும் வெல்லப்பாகு குறையவில்லை.

"பாட்டிம்மா, படிக்கத் தெரியாதவங்களுக்கு இதெல்லாம் புரியாது. நீங்க போய் உட்காருங்க."

"படிக்கத் தெர்யாது நைனா. கண்ணு தெரியுது. ஒன் ஜெராக்ஸ்ல வட்டத்த வெட்டிகீற, பூனய வெட்ட மறந்துட்ட."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்போதுதான் அந்த ஆளுக்குக் கோபம் வந்தது.

"அம்மன் முன்னாடி சத்தியம் பண்ணீங்களே, ஞாபகம் இருக்கா? பேத்தி இருக்கா இல்ல உங்களுக்கு?"

என் பேத்தியை இழுத்ததும் எனக்குப் பயம் போன இடம் தெரியவில்லை.

"கீறா. பாஸாயிட்டா. த பாரு, எங்க ஆத்தாளுக்கு ஆயிரம் வேல கீது. புயல் பாக்கணும், படகப் பாக்கணும், குடிகாரப் பசங்களப் பாக்கணும். ஒன் ரொட்டிப் பொடிக்கு வாட்ச்மேன் வேலயும் அவதான் பாக்கணுமா? கஸ்மாலம், எட்றா தட்ட!"

தட்டை நானே எடுத்துக் கற்பூரத்தை மண்ணில் கொட்டிவிட்டேன். புதிதாக வந்த பெண்களைச் சுற்றி உட்காரவைத்து, பிரிண்டைப் படிக்கத் தெரிந்த ஒருத்தியிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். தெருவே கேட்கட்டும் என்று. அவள் பாதி படிப்பதற்குள் சார் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

எல்லோரும் என்னைப் பெரிய வீராங்கனை என்றார்கள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அந்த மிதப்போடு எதிர் வீட்டுக்குப் போனேன்.

அவள் அப்போதுதான் ஐஸ் கம்பெனியிலிருந்து வந்து, விரலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். உப்பு, கிருமி, பொடி, பூனை, பாய், டிரெயினிங் சாரை விரட்டினது. முடித்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"செவப்பு உப்பால வருதுன்னு உனுக்கு எப்போ தெரியும்?"

"ஆவணியில."

"நான் உன் வாசல்ல வந்து குந்திகினு அய்தது?"

"ஐப்பசியில" என்றேன்.

எண்ணெய் விரலால் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று அவள் எண்ணினாள். நிறுத்தாமல் கார்த்திகை, மார்கழி என்று இந்த வைகாசி வரைக்கும் எண்ணிக்கொண்டே வந்தாள்.

"இத்தினி மாசமா அந்தப் பொண்ண நான் வாயில வெச்சி மென்னுகினு கீறேன். தெனம் பாத்த நீ. கம்முனு இருந்த."

"சத்தியம் மே. கற்பூரம். பேத்தி மேல..."

"தெரியுது. ஒன்னே ஒன்னு சொல்லு. இது அந்தப் பொட்டியில சும்மா கெடக்கல, நெஜமாவே அந்தாளு ரகசியந்தான்னு வெச்சிக்க. அப்போ எங்கிட்ட சொல்லியிருப்பியா?"

நான் கையிலிருந்த பிரிண்டை அவள் பக்கம் நீட்டினேன்.

அவள் அதை வாங்கினாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. முத்திரையைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். எங்கே சிவப்பைப் பற்றி எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பேத்தி எனக்கு விரல் வைத்துக் காட்டியிருந்த வரியை நான் அவளுக்குக் காட்டினேன். அந்த இடத்தில் எண்ணெய் விரலால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். புடவை மாற்றினாள். தாளை ஒரு கவரில் போட்டு மடித்துக்கொண்டு வியாசர்பாடிக்கு பஸ் ஏறப் போய்விட்டாள். நானும் வருகிறேன் என்றதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருமகள் உடனே வந்துவிடவில்லை. வாசலில் வைத்தே பேசி அனுப்பினாளாம். எதிர் வீட்டுக்காரி மூன்று முறை போய் வந்தாள். மகன்தான் அந்தத் தாளைப் படித்துக் காட்டினானாம், மாமியாரும் மருமகளும் இரண்டு பக்கம் நின்று கேட்டார்களாம். தடைக்காலம் முடிந்து முதல் மீன் வந்த வாரம் மருமகள் வந்தாள். வந்தவள் ஒரு நிபந்தனையோடு வந்தாள். இனிமேல் உப்பு அவள் கையால்தான் போடுவாள், எந்த நாளாக இருந்தாலும் சரி. எதிர் வீட்டுக்காரி தெருவே பார்க்கிற மாதிரி உப்புப் பானையைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள். அடுத்து வந்த ஐப்பசியில் அவர்கள் வீட்டுக் கருவாடு என்னுடையதைவிட வெளுப்பு. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது, ஆனால் அவர்கள் வாசலில் போய் நின்று சிரிக்க எனக்குக் கால் வரவில்லை.

என்னோடு அவள் பேச ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "யக்கா, ரொட்டிப் பொடி கொஞ்சம் கீதா? இல்ல, கற்பூரம் எதுனா அணைக்கணுமா?" என்று கத்தினாள். தெரு முழுக்கச் சிரித்தது. நான் பொடியை அள்ளிக்கொண்டு ஓடினேன். திட்டினால் என்ன, பேசினாளே.

இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். கேட்காதவர்களையும் பிடித்து வைத்துச் சொல்கிறேன். பேத்தியை விட்டு பெட்டியில் எந்தக் காலேஜ் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லி, ஊறுகாய்க்காரி, அப்பளக்காரி, பக்கத்து லேத் பட்டறைக்காரன் வரைக்கும் ஓதிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கிழவி வாயை மூட மாட்டாளா என்று அலுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆள் மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் ஒருத்தி வந்து என் வாசலில் உட்காரும்போதே, அவள் கேட்டு முடிக்கும் முன்பே, தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன்.